கொல்லிமலையில் புகையும் முகிலும்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாக விளங்குவது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை இது. தொலைவில் நின்று நோக்குவார்க்கு மதில் எடுத்தாற்போலச் செங்குத்தாகத் தோன்றும். மேலே ஏறிச் சென்றாலோ மேடும் பள்ளமுமாகப் பரந்த நிலமும், வயலும், தோப்பும், சிற்றூர்களும் காணப்படும். அந்நிலப்பரப்பு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 மீட்டர் முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்தது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. மலையாளி என வழங்கும் பழங்குடி மக்கள் இங்கு வாழ்கின்றனர். மலையை ஆளுவோர் என்பதே இப்பெயரின் பொருள். கேரள நாட்டாரைக் குறிக்கும் சொல்லோடு இதனை மயங்குதல் கூடாது. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றை இவர்கள் நெடுங்காலமாக விளைவித்து வருகின்றனர். மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் இம்மலைக்குப் புகழ் தருவன.

வேனிற்காலத்தில் இம்மலையின் சரிவுகளில் இரு வகை மூட்டங்களைக் காணலாம். ஒன்று கீழிருந்து மேலெழுவது. மற்றொன்று மேலே திரண்டு கீழே பொழிவது. முன்னது காட்டுத்தீயின் புகை. பின்னது கோடை இடிமழையின் முகில். ஒரே வெயிலே இவ்விரண்டிற்கும் காரணம் ஆகும். எவ்வாறு என்பதை ஆராய்வோம்.

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். மலையும் காடும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு திரியும்போது அந்நிலத்தையே பாலை என்று அவர்கள் வகுத்தனர். பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்காமல், குறிஞ்சியும் முல்லையும் மாறிய நிலையையே பாலை என்றது எத்துணை நுட்பமான அறிவு! பங்குனித் திங்களில் கொல்லிமலையின் அடிச்சரிவுகளைக் கண்டோர் இதன் உண்மையை உணர்வர். கார்த்திகையில் பசுமை பூத்து நின்ற குறிஞ்சி நிலம் அப்போது இலையுதிர்ந்து, புல் கருகி, வெண்மையும் பழுப்பும் கலந்து நிற்கும்.

வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிடும். அதன் பின்னர் மூன்று திங்கள் அளவும் பெருமழை இல்லை. கொல்லிமலை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 11 பாகைக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் இருப்பதால், ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கிறது. நிலம் நாளும் கொண்ட வெப்பத்தைச் சேர்த்து வைப்பதால், உச்சி வெயில் கடந்த பின்னரும் சில வாரங்கள் வெம்மை தணிவதில்லை. அக்கினி நட்சத்திரம் என்று மக்கள் வழங்கும் நாட்கள் மே மாதத்தில் வருவது இதனோடு ஒத்திருக்கிறது.

உயரம் கூடக் கூட வெம்மை குறையும். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறையும் என்பது கணக்கு. நாமக்கல்லில் 40 பாகை காயும் நாளில் மலைமேல் செம்மேட்டில் 33 அல்லது 34 பாகை இருத்தல் கூடும். ஆயினும் மலைவாழ் மக்களுக்கு அதுவே பெருவெப்பம். இந்திய வானிலை ஆய்வுத் துறை, வெப்ப அலையைக் கணக்கிடுகையில் சமவெளிக்கு 40 பாகையை அளவாகக் கொள்கிறது. மலைப்பகுதிக்கோ 30 பாகையையே கொள்கிறது. அதனோடு, இயல்பான அளவைக் காட்டிலும் வெப்பம் எவ்வளவு மிகுந்தது என்பதும் பார்க்கப்படும்.

இனித் தீயின் வரலாற்றைக் காண்போம். தீ பற்றுவதற்கு எரிபொருள், காற்று, பொறி என்னும் மூன்றும் வேண்டும். மலையின் அடியிலும் இடைச்சரிவிலும் உள்ளவை இலையுதிர் காடுகள். அங்குள்ள மரங்கள், தம்முள் உள்ள நீரைக் காத்தற்பொருட்டுத் தை முதல் பங்குனி வரை இலைகளை உதிர்க்கின்றன. அச்சருகு தரையில் மெத்தையெனப் படிகிறது. இடையிடையே ஆளுயரம் வளர்ந்து உலர்ந்த புல்லும், அயல்நாட்டிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடியின் புதரும் நிற்கின்றன. ஆகவே எரிபொருளுக்குக் குறைவில்லை, காற்றுக்கும் குறைவில்லை. எஞ்சியது பொறி ஒன்றே.

அப்பொறி எங்கிருந்து வருகிறது? மூங்கிலோடு மூங்கில் உரசித் தீப்பிறக்கும் என்று பழைய நூல்கள் கூறும். அக்காட்சி புலவர்களின் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. ஆனால், நம் நாட்டுக் காட்டுத்தீக்களை ஆராய்ந்தோர் அவற்றுள் மிகப் பெரும்பாலானவை மனிதர் கையாலேயே தோன்றுவன என்று கண்டுள்ளனர். பழியை மூங்கிலின்மேல் ஏற்றுவது நமக்கு எளிது! ஆடு மாடுகளுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று பழம்புல்லைக் கொளுத்துவோர் உளர். தேன் எடுக்கச் சென்று பந்தத்தை அணைக்காமல் வருவோர் உளர். நிலத்தைத் திருத்தக் குப்பையை எரிக்கையில் தீ எல்லை கடந்து செல்வதும் உண்டு. இவர்களையேனும் பிழைப்பு தூண்டுகிறது. வளைவுச் சாலையில் உந்துவண்டியை நிறுத்தி, புகைத்த துண்டைப் பள்ளத்தில் எறிந்துவிட்டுப் போகும் உல்லாசப் பயணியை எது தூண்டுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

மின்னலாலும் காடு எரிவதுண்டு. கனடாவிலும் ஆத்திரேலியாவிலும் மழை சிறிதும் இன்றி மின்னல் மட்டும் வீழ்ந்து பெருந்தீ மூள்வது வழக்கம். முகிலிலிருந்து விழும் மழைத்துளி, தரையை அடையுமுன் உலர்ந்த காற்றில் ஆவியாகிவிடுவதே அதற்குக் காரணம். நம் மலைகளில் மின்னலோடு பெரும்பாலும் மழையும் சேர்ந்தே வருவதால் அத்தகைய தீ அரிது.

தீ சமநிலத்தில் ஓடுவதினும் மேட்டை நோக்கி விரைந்து ஓடும். சுடர் மேல்நோக்கிச் சாய்ந்து, முன்னால் உள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திச் சூடேற்றிவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கொள்ளும் பொதுவிதி. பகலில் வெயிலால் சூடான காற்று சரிவு வழியே மேலேறுவதும் அதற்குத் துணையாகிறது. எனவே தீயைக் கண்டவன் மேட்டை நோக்கி ஓடுதல் பெருந்தவறு. பக்கவாட்டில் விலகி, முன்பே எரிந்து கரிந்த இடத்தையோ, புல் இல்லாத பாறைப் பரப்பையோ, நீரோடையையோ அடைதல் வேண்டும்.

2018 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11 ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நிகழ்ந்தது தமிழகம் மறக்கவொண்ணாத துயரம். மலையேற்றத்திற்குச் சென்று கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வந்த குழுவினரைப் புல்வெளித் தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அவர்களுள் பலர் இளைஞர். அதன்பின் அரசு மலையேற்றத்திற்கு விதிகளை வகுத்தது. தீக்காலத்தில் காட்டுக்குள் செல்லத் தடை விதிப்பதும் வழக்கமாயிற்று. கொல்லிமலைக்குச் செல்லும் இளையோர், வனத்துறையின் தடைப்பலகையைக் காணும்போது குரங்கணியை நினைத்தல் வேண்டும்.

தீ ஓரிடத்தில் எரியும். புகையோ ஊர் ஊராகச் செல்லும். புகையில் நீராவியும், கரியமில வாயுவும், நஞ்சாகிய கார்பன் மோனாக்சைடும், எண்ணற்ற நுண்துகள்களும் உள்ளன. அத்துகள்களுள் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்தவை மிகுந்த கேடு பயப்பன. மனிதனின் தலைமயிர்த் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கே அவற்றின் அளவு. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுக்கமாட்டா; அவை நுரையீரலின் ஆழம் வரை செல்லும். இளைப்பு நோயாளரும், முதியோரும், குழந்தைகளும், கருவுற்ற மகளிரும் முதலில் துன்புறுவர். ஈரத்துணியை மூக்கில் கட்டினால் போதும் என்று சிலர் எண்ணுவர். சாம்பலை அது தடுக்குமேயன்றி நுண்துகளைத் தடுக்காது. என்-95 எனப்படும் முகக்கவசமே ஓரளவு பயன் தரும். புகை மிகுந்த வேளையில் சாளரங்களை அடைத்து உள்ளிருத்தலும் நன்று.

பகலில் எழும் புகையை விட விடியற்காலத்துப் புகையே ஊரை வருத்தும். இதற்குக் காரணம் உண்டு. பகலில் தரை சூடாகிக் காற்று மேலெழும். புகையும் அதனோடு எழுந்து பரந்து மெலியும். இரவிலோ தரை குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆதலின் அது நீர்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கும். அதற்கு மேலே வெம்மையான காற்று மூடி இட்டாற்போல நிற்கும். அம்மூடிக்குக் கீழே அகப்பட்ட புகை வெளியேற வழியின்றி அடிவாரத்து ஊர்களில் தங்கிவிடுகிறது. ஞாயிறு எழுந்து தரை சூடேறி, அம்மூடி கலைந்த பின்னரே புகை உயர்ந்து விலகும். தீ அணைந்த பின்னும் கட்டைகள் புகைந்துகொண்டிருக்கும் நாட்களில், காலையில் ஓடி ஆடுவோர் வெயில் ஏறும் வரை பொறுத்தல் நல்லது.

பனிமூட்டத்தையும் புகைமூட்டத்தையும் எவ்வாறு வேறுபடுத்துவது? பனிமூட்டம் வெண்மையானது, மணம் அற்றது, இலையையும் ஆடையையும் நனைக்கும். புகை நீலமோ பழுப்போ கலந்தது, கண்ணைக் கரிக்கும், அதனூடே தோன்றும் ஞாயிறு செம்பு வட்டில்போலச் சிவந்து காணப்படும். மலைச்சாலையில் வண்டி ஓட்டுவோர்க்கு இரண்டும் இடரே.

நம் காட்டுத்தீ பெரும்பாலும் சருகை எரித்துத் தரையோடு செல்லும் தரைத்தீ. மரங்களின் முடியைப் பற்றிப் பாயும் முடித்தீ குறைவு. ஆகவே நம் புகை சில கல் தொலைவோடு நின்றுவிடுகிறது. பிற நாடுகளின் நிலை வேறு. 2023 ஆம் ஆண்டு கனடாவில் 1 கோடியே 50 இலட்சம் எக்டேருக்கும் மேற்பட்ட காடு எரிந்தது. அவ்வாண்டு சூன் மாதத்தில் அதன் புகை பல நூறு கல் கடந்து நியூயார்க்கு நகரத்தை அடைந்து, பட்டப்பகலில் வானத்தைச் செம்மஞ்சள் ஆக்கியது. 2019-2020 இல் எரிந்த ஆத்திரேலியக் காடுகளின் புகையோ பசிபிக்குப் பெருங்கடலையே கடந்து தென் அமெரிக்காவை எட்டியது.

தீயைக் கண்காணிக்க இன்று வானத்திலும் காவல் உண்டு. தேராதூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம், செயற்கைக்கோள்கள் காட்டும் வெப்பப் புள்ளிகளைக் கண்டு அந்தந்த மாநில வனத்துறைக்கு உடனே செய்தி அனுப்புகிறது. பழைய கருவி 1 கிலோமீட்டர் அளவில் நிலத்தை நோக்கியது. புதிய கருவி 375 மீட்டர் அளவிலேயே நோக்குகிறது. எனினும் கோள் அவ்விடத்தைக் கடக்கும் வேளையில்தான் தீயைக் காண இயலும்; முகிலோ அடர்ந்த மரக்கவிகையோ மறைத்தால் காண்பது அரிது. ஆதலின், தீக்காலத்திற்கு முன்பே புல்லை நீக்கித் தீத்தடுப்புக் கோடுகள் அமைப்பதும், காவலர்கள் நடந்து சென்று பார்ப்பதும், ஊரார் பச்சைத் தழையால் அடித்துத் தீயை அணைப்பதும் இன்றும் ஒழியவில்லை. செங்குத்தான சரிவில் தண்ணீர் வண்டி ஏறாது. அங்கே தழையும் தோள்வலியுமே கருவிகள்.

இனி முகிலுக்கு வருவோம். தமிழகத்திற்கு மார்ச்சு முதல் மே வரை பெய்யும் மழை 12 அல்லது 13 செ.மீ. அளவினதே. அளவு சிறிதாயினும் அதன் பயன் பெரிது. உள்நாட்டு மாவட்டங்களில் காட்டுத்தீயை முற்றிலும் அணைப்பது இம்மழையே. கோடை உழவு கோடி நன்மை என்பர். அவ்வுழவிற்கு நிலத்தை இளக்குவதும், சாமை விதைக்கும் பருவத்திற்குக் கொல்லியின் மேட்டு நிலத்தை ஆயத்தம் செய்வதும் இதுவே.

இம்மழை பிறக்கும் முறை வருமாறு. நண்பகலில் தரை கொதிக்கிறது. சூடான காற்று இலேசாகி மேலெழுகிறது. வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று உள்நாட்டிற்கு வந்து சேரும் நாளில், எழும் காற்றோடு நீராவியும் செல்கிறது. கடற்காற்றும் மேற்கிலிருந்து வரும் உலர்காற்றும் உள்நாட்டில் சந்திக்கும் வரிசையில் காற்று நெருக்குண்டு மேலே தள்ளப்படுகிறது. குறுக்கே நிற்கும் மலையும் தன் சரிவினால் அதனை ஏற்றிவிடுகிறது. மேலே சென்ற காற்று விரிந்து குளிர, நீராவி துளியாகி முகில் பிறக்கிறது. காலையில் தெளிந்த வானம், நண்பகலில் பஞ்சுப்பொதி போன்ற முகில்கள், மாலை மூன்று நான்கு மணிக்குக் கோபுரம்போல எழுந்து, உச்சி பட்டறைக்கல்லென விரிந்த கருமுகில் என்பது கோடை இடிமழையின் வழக்கமான நாள்முறை. அம்முகிற் கோபுரத்தின் உயரம் 12 கிலோமீட்டருக்கும் மேற்படும். கொல்லிமலையைப் போலப் பத்து மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம் அது.

அத்துணை உயரத்தில் நீர் உறைந்து பனிக்கட்டியாகிறது. மேலேறும் சிறு பனிப்படிகங்களும் கீழிறங்கும் ஆலங்கட்டிகளும் மோதுவதால் மின்னூட்டம் பிரிகிறது. முகிலின் மேற்பகுதியில் ஒருவகை மின்னும் கீழ்ப்பகுதியில் மறுவகை மின்னும் குவிந்து, காற்று தாங்கவியலாத அளவு மிகும்போது மின்னல் பாய்கிறது. அப்பாதையில் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 30,000 பாகை செல்சியசு வரை உயர்கிறது. கணநேரத்தில் விரியும் அக்காற்றின் அதிர்வே இடி. ஒளி உடனே வந்துவிடும்; ஒலியோ 1 கிலோமீட்டர் கடக்க மூன்று விநாடி கொள்ளும். மின்னலைக் கண்டு எண்ணத் தொடங்கி, இடி கேட்கும்போது ஒன்பது எண்ணியிருந்தால் மின்னல் மூன்று கிலோமீட்டர் தொலைவில் வீழ்ந்தது எனக் கொள்ளலாம். முப்பது எண்ணுமுன் இடி கேட்டால் வெளியில் நிற்றல் தகாது. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியும்வரை உள்ளேயே இருத்தல் வேண்டும்.

இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலால் மாள்கின்றனர். வயலில் வேலை செய்வோரும், மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவோரும், ஆடு மாடு மேய்ப்போருமே அவர்களுள் மிகுதி. உயர்ந்த தனிமரம் குடையன்று. அது மின்னலை அழைக்கும் தூண். உறுதியான வீடும், கண்ணாடி ஏற்றிய இரும்புக்கூரை வண்டியும் காப்பளிக்கும். மலையுச்சிப் பாறையும், காட்சி மேடையும், நீர்நிலையும் தவிர்க்கத் தக்கன. மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்கும் என்னும் அச்சத்தால் அருகில் செல்லாதிருப்போர் உளர்; அது பிழை. உடனே தொட்டுத் தூக்கலாம். மூச்சும் இதயமும் நின்றிருந்தால் மார்பை அழுத்தி முதலுதவி செய்து பிழைக்க வைக்கலாம்.

புகையும் முகிலும் தனித்தனியே வரின் இத்துணையே. இரண்டும் ஒரே நாளில் சந்தித்தால் விளைவு சிக்கலானது. மழை பொழியுமுன் முகிலிலிருந்து குளிர்காற்று பெருவேகத்தோடு கீழிறங்கி நாற்புறமும் பரவும். அதுவரை ஒரு திசையில் சென்ற தீயை அக்காற்று நொடியில் வேறு திசைக்குத் திருப்பிவிடும். மழை வருகிறது என்று மகிழ்ந்து நிற்கும் காவலர்க்கு அதுவே மிக்க இடர் வேளை. மேலும், புகைத்துகள்கள் முகிலினுள் புகுந்தால் உள்ள நீர் பல சிறு துளிகளாகப் பகிரப்படுகிறது. துளி சிறிதாயின் விரைவில் விழாது. ஆதலின் மெலிந்த முகிலில் மழை தடைப்படவும் கூடும்.

தீ அணைந்த பின்னரும் அதன் கணக்குத் தீர்வதில்லை. சருகு மெத்தை இருந்தபோது மழைநீரை அது பஞ்சுபோல ஏற்று, மெல்ல மண்ணுக்குள் விட்டது. எரிந்த சரிவிலோ வெறும் சாம்பலும் இளகிய மண்ணுமே உள்ளன. முதற் கோடைமழை அவற்றை வாரிக்கொண்டு ஓடையில் இறங்குகிறது. கொல்லிமலையில் தோன்றும் ஐயாறு, அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாய கங்கை அருவியாக வீழ்ந்து, கீழே திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் புளியஞ்சோலை வழியே செல்கிறது. மலைமேல் மாலையில் கொட்டிய மழை, சிறிது நேரத்தில் கீழே வெள்ளமாக வந்து சேரும். புளியஞ்சோலையில் நீராடுவோர் தலைக்குமேல் வானம் தெளிந்திருக்கலாம். அதனால் வெள்ளம் வராது என்று எண்ணலாகாது. தெளிந்த நீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், நீரின் ஒலி மாறுவதும் அதன் அடையாளங்கள். அவற்றைக் கண்ட கணமே கரையேறுதல் வேண்டும். ஆகாய கங்கைக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகள் இறங்கிச் சென்றவரை, மழை நாளில் அருவியில் குளிக்கலாகாது என்று வனத்துறையினர் திருப்பி அனுப்புவது இதனாலேயே.

வருகின்ற வேனில் எப்படி இருக்கும் என்பதை முன்னரே அறியலாமா? 1875 இல் தொடங்கப்பெற்ற இந்திய வானிலை ஆய்வுத் துறை, மார்ச்சு முதல் மே வரை உள்ள பருவத்திற்கான முன்னோட்டத்தைப் பருவத் தொடக்கத்திலேயே வெளியிடுகிறது. பசிபிக்குப் பெருங்கடலின் வெப்பநிலை முதலியவற்றைக் கொண்டு, ஒரு பகுதியில் வெப்பமோ மழையோ இயல்பினும் மிகுமா குறையுமா என்னும் வாய்ப்பை அது கூறும். எந்த நாளில் எந்த ஊரில் இடி இடிக்கும் என்று அது கூறாது. அதற்கு நாள்தோறும் வெளிவரும் அறிவிப்பைப் பார்த்தல் வேண்டும். அடுத்த மூன்று மணி நேரத்திற்குச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தரும் உடனடி அறிவிப்பு, ராடார் காட்டும் முகிலைக் கொண்டு அமைவது. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்னும் நிறங்கள் எச்சரிக்கையின் படிகள். மின்னலுக்கென்று புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தாமினி என்னும் கைப்பேசிச் செயலியும் உண்டு.

பருவ முன்னோட்டம் மொத்தக் கணக்கையே காட்டும் என்பதற்கு 2024 ஆம் ஆண்டு நல்ல சான்று. அவ்வாண்டு ஏப்ரலில் சேலமும் ஈரோடும் கரூர்ப் பரமத்தியும் 40 பாகையைக் கடந்து பல நாள் கொதித்தன, மழையோ அருகியது. மே நடுப்பகுதிக்குப் பின் பல மாவட்டங்களில் பலத்த கோடைமழை கொட்டியது. பருவ முடிவில் பெய்த மழையைக் கூட்டிப் பார்ப்பவனுக்கு ஏப்ரலின் வறட்சி தோன்றாது. காடு எரிந்ததோ அவ்வறட்சியில்தான்.

வைகாசி முதிர்ந்து, இரண்டு மூன்று நல்ல மழை பெய்துவிட்டால் தீக்காலம் முடிந்தது என்பர். கரிந்த சரிவில் முதலில் புல்லும், பின்னர் அடிமரத்திலிருந்து தளிரும் எழும். அப்போது மேட்டு நிலங்களில் ஏர் பூட்டிச் சாமை விதைக்கத் தொடங்குவர். மேல்காற்று வீசி மலைமுடியைப் பனிமூட்டம் போர்க்கும். வனத்துறையினர் எரிந்த இடங்களை அளந்து வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அடுத்த தைத்திங்களில் தீத்தடுப்புக் கோடுகளை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வர்.